முதல் தடவை குதிரைல ட்ரெயில் ரைடு போறீங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ட்ரெயில் ரைடுன்னா காட்டுப் பாதை, மலைப் பாதை, ஆத்தோரம்னு கைடு முன்னாடி போக, பின்னாடி வரிசையா குதிரைல போறது. குதிரை ஏறத் தெரியாத நிறைய பேர் முதல்முறையா குதிரை மேல உக்கார்றதே இப்படித்தான். எல்லாத்தையும் வரிசையா படிக்கணும்னு இல்ல, ஆனா ஷூ பத்தினதையும் குதிரை மிரள்றது பத்தினதையும் மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

குதிரை ஏறவே தெரியாது. நேரா போயிடலாமா, இல்ல க்ளாஸ் போகணுமா?

நேராவே போகலாம். புதுசா வர்றவங்களுக்குன்னு வச்சிருக்கிற குதிரைங்க பெரும்பாலும் கொஞ்சம் வயசான, பொறுமையான, அதே பாதைல பல வருஷமா நடந்து பழகுன குதிரைங்க, வழி உங்களைவிட அதுக்கு நல்லா தெரியும். மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்துல சும்மா நடந்து போற ரைடுக்கு க்ளாஸ் கட்டாயம் இல்ல. ஆனா ஏறி உக்காந்தா போதும், மத்ததை குதிரை பாத்துக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. குதிரை உங்க உடம்பை கவனிச்சுட்டே இருக்கும், பயத்துல நீங்க காலை இறுக்குனாக்கூட அது அதுக்கு ஒரு ஆர்டர். அதனால வாய்ப்பு இருந்தா முன்னாடியே வேலி போட்ட மைதானத்துல ஒரே ஒரு பாடம் எடுத்துக்கோங்க. ஏறுறது, நிறுத்துறது, திருப்புறது, இறங்குறது இந்த நாலும் கை வந்துட்டா ரைடு அன்னைக்கு பாதி படபடப்பு போயிடும், சுத்தி இருக்கிறதை ரசிக்கவும் முடியும்.

புக் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்னெல்லாம் கேக்கணும்?

ஒரு கைடுக்கு எத்தனை பேர், எவ்ளோ நேரம், நடை மட்டும்தானா இல்ல ஓட்டமும் உண்டா, ஹெல்மெட் அவங்களே குடுப்பாங்களா, எடை லிமிட் என்ன, மழை வந்தா என்ன பண்ணுவாங்க. இது போதும். நீங்க கேக்குறதைவிட அவங்க உங்களைக் கேக்குறாங்களான்னு பாருங்க, அதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். உங்க உயரம், எடை, வயசு, இதுக்கு முன்னாடி ஏறிருக்கீங்களா, உடம்புல ஏதாவது பிரச்சனையா, இப்படி ஒரு கேள்வியும் கேக்காம பணத்தை மட்டும் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற இடம்னா, யாருக்கு எந்தக் குதிரைங்கிற யோசனையே அங்க இல்லன்னு அர்த்தம்.

நேர்ல போனதும் குதிரைங்களை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. விலா எலும்பு துருத்திட்டு தெரியுதா, சேணம் உக்கார்ற இடத்துலயோ சேணத்தை இறுக்கிக் கட்டுற வயித்துப் பட்டை ஓடுற இடத்துலயோ புண்ணு இருக்கா, நிழலும் தண்ணியும் இருக்கா, நடக்கும்போது எதாவது காலை நொண்டுதா. பின்னங்கால் ஒண்ணை லேசா மடக்கி வச்சு தூங்கி வழியுற மாதிரி நின்னா அது நொண்டல் இல்ல, ரெஸ்ட் எடுக்குது, அதைப் பாத்து பயப்பட வேண்டாம். ஆனா முதுகுல புண்ணோட சேணம் கட்டி நிக்குதுன்னா திரும்பி வந்துடுங்க, அட்வான்ஸ் போனாலும் பரவால்ல.

எடையை சொல்ல கூச்சமா இருக்கு, கொஞ்சம் கம்மியா சொல்லலாமா?

வேண்டாம். ஏறுறவங்க எடையும் சேணத்தோட எடையும் சேர்ந்து குதிரை எடைல சுமார் 20 சதவீதத்தை தாண்டக் கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 500 கிலோ குதிரைன்னா மொத்தம் 100 கிலோ, அதுல வெஸ்டர்ன் மாடல் சேணமே 12, 15 கிலோ போயிடும், மிச்சம் 85 சொச்சம்தான் உங்களுக்கு. அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க 2008-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, 8 குதிரைங்க மேல 15, 20, 25, 30 சதவீதம்னு எடை ஏத்திப் பாத்தாங்க, 25, 30 போகும்போது இதயத் துடிப்பு ஏறுச்சு, அப்புறம் முதுகுத் தசைல வலியும் இறுக்கமும் தெரிஞ்சது. நீங்க அஞ்சு பத்து கிலோ குறைச்சு சொன்னா உங்களுக்கு சின்ன குதிரையா குடுத்துடுவாங்க, அது மேட்டுல திணறும், தடுமாறும், அந்த நேரத்துல மேல உக்காந்திருக்கிறது நீங்கதான்.

இதே மாதிரி அனுபவத்தையும் கூட்டி சொல்லாதீங்க. சின்ன வயசுல யாரோ கயித்தைப் பிடிச்சு நடத்த ஒரு ரவுண்டு வந்ததெல்லாம் அனுபவம் இல்ல. எனக்கு நல்லாவே ஓட்டத் தெரியும்னு சொன்னா துறுதுறுன்னு ஒரு குதிரையைக் கொண்டு வந்து நிறுத்துவாங்க. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுச்சுன்னு ஒரு பழமொழி உண்டு, இந்த விஷயத்துல குழியைப் பறிக்கிறது குதிரை இல்ல, நம்ம வாய்தான்.

என்ன டிரெஸ் போடணும்?

முழுக்கால் பேன்ட் கட்டாயம். ஷார்ட்ஸ் போட்டா சேணத் தோலும் கால் பக்கம் ஓடுற வாரும் உரசி உரசி முட்டிக்கு உள்பக்கம் தோல் உரிஞ்சுடும். ஜீன்ஸ் ஓகே, ஆனா உள்தொடை பக்கம் தடிச்ச தையல் இருக்கிற ஜீன்ஸ்னா ஒரு மணி நேரத்துல அந்தத் தையல் எங்கெங்க ஓடுதுன்னு உங்க உடம்பே சொல்லும், அதைவிட கொஞ்சம் இழுபடுற துணில தடிமனான லெக்கிங்ஸோ ட்ராக் பேன்ட்டோ நல்லது. வழுவழுன்னு நைலான் வேண்டாம், சேணத்துல வழுக்கும். மேல முழுக்கை சட்டை போட்டா வெயில், பூச்சி, முள்ளு மூணுக்கும் ஆச்சு.

தொங்குறது, பறக்குறது எதுவும் வேண்டாம். ஷால், நீள கம்மல், வளையல், தோள்ல மாட்டுற பேக் எல்லாம் கிளைல மாட்டும். முடி நீளமா இருந்தா தாழ்வா, பின்கழுத்துக்கிட்ட கட்டுங்க, உச்சில கொண்டை போட்டா ஹெல்மெட் உக்காராது. மோதிரத்தை கழட்டி வச்சிடுங்க.

ஷூவுக்கு ஏன் எல்லாரும் இவ்ளோ அழுத்தம் குடுக்குறாங்க?

ட்ரெயில் ரைடுல விழுறதைவிட மோசமான ஒண்ணு இருக்கு, விழுந்து கால் மட்டும் ஸ்டிரப்ல மாட்டிக்கிட்டு குதிரை இழுத்துட்டு ஓடுறது. ஸ்டிரப்னா சேணத்துல ரெண்டு பக்கமும் தொங்குற கால் வளையம். ஷூவுக்கு குதிகால் இல்லன்னா பாதம் அந்த வளையத்துக்குள்ள முழுசா நழுவி கணுக்கால் வரைக்கும் போயிடும், அப்புறம் எடுக்க வராது. அதனால 2, 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு சின்ன ஹீல், அடிப்பக்கம் ஓரளவு வழவழப்பு, விரல் மூடியிருக்கணும், கணுக்காலையும் மூடுனா இன்னும் நல்லது.

ரன்னிங் ஷூல ஹீல் கிடையாது, அது ஒரு ரிஸ்க். ட்ரெக்கிங் பூட் சேஃப்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அடில பெரிய பெரிய பல்லு வச்ச பூட்ஸ் ஸ்டிரப் கம்பில கவ்விக்கும், முன்பக்கம் ரொம்ப அகலமா இருந்தா உள்ள போறப்ப போகும், வர்றப்ப வராது. செருப்பு, சாண்டல் பேச்சே வேண்டாம், 500 கிலோ விலங்கு தெரியாம உங்க விரல் மேல ஒரு குளம்பை வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. சரியான ஷூ இல்லன்னா அங்க வாடகைக்கு பூட்ஸ் இருக்கான்னோ, முன்பக்கம் மூடி போட்ட ஸ்டிரப் இருக்கான்னோ கேளுங்க, மூடி இருந்தா கால் முழுசா உள்ள போகாது. லேஸை இறுக்கிக் கட்டி நுனியை உள்ள சொருகிடுங்க.

சைக்கிள் ஹெல்மெட் இருக்கு, அது போதாதா?

போதாது. குதிரை மேல உக்காந்தா உங்க தலை தரைல இருந்து ரெண்டு மீட்டருக்கு மேல இருக்கும், விழுறப்ப கல்லு, வேரு, குளம்புன்னு எது வேணா படலாம். குதிரை ஹெல்மெட் பின்மண்டையை இன்னும் கீழ வரைக்கும் மூடுற மாதிரி செஞ்சிருப்பாங்க. உள்ள ஏஎஸ்டிஎம் எஃப்1163 இல்லன்னா பாஸ் 015 இந்த மாதிரி தர நம்பர் ஒட்டியிருக்கான்னு பாருங்க. போட்டுட்டு தலையை ஆட்டுங்க, ஹெல்மெட் தனியா ஆடக் கூடாது. நெத்தியை மூடி புருவத்துக்கு கொஞ்சம் மேல நிக்கணும், பின்னாடி சாய்ஞ்சு உக்காந்தா நெத்தி வெளிய தெரியும், அது தப்பு. தாடை வார் இறுக்கமா, ஆனா பேச முடியுற மாதிரி. ஒரு தடவை பலமா அடி வாங்குன ஹெல்மெட்டை வெளிய கீறல் இல்லன்னாலும் திரும்ப யூஸ் பண்ணக் கூடாது, உள்ள இருக்கிற ஃபோம் நசுங்கியிருக்கும்.

யாரெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு போகணும்?

கர்ப்பமா இருக்கிறவங்க, முதுகுத் தண்டு பிரச்சனை, சமீபத்துல ஆபரேஷன், எலும்பு தேய்மானம், வலிப்பு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க. கடைசி ஆளுங்க சின்ன அடின்னு விட்டுடுவாங்க, தலைல அடின்னா உள்ள ரத்தக்கசிவு ஆகுற வாய்ப்பு அவங்களுக்கு அதிகம். குதிரை முடி, வைக்கோல் தூசி அலர்ஜியும் சிலருக்கு உண்டு, ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் ஜிப் பாக்கெட்ல இருக்கட்டும், கைடுக்கும் சொல்லி வைங்க. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருஷம் தாண்டிடுச்சான்னும் பாத்துக்கோங்க.

குதிரை கிட்ட எப்படிப் போறது? உதைக்குமா?

குதிரைக்கு ரெண்டு கண்ணும் தலையோட பக்கவாட்டுல இருக்கு, அதனால சுத்தி கிட்டத்தட்ட 350 டிகிரி பாக்கும். தெரியாத இடம் ரெண்டே ரெண்டு, வாலுக்கு நேர் பின்னாடி ஒண்ணு, நெத்திக்கு நேர் முன்னாடி மூக்கு நுனிக்கிட்ட ஒண்ணு. பின்னாடி இருந்து சத்தமில்லாம போய் தொட்டா யாருன்னு பாக்காது, உதைச்சுட்டுதான் பாக்கும், அது கோவம் இல்ல பயம். புலி சிறுத்தைக்கு இரையா இருந்த இனம், முதல்ல தப்பிக்கிறது அப்புறம் யோசிக்கிறதுன்னுதான் அதோட மூளை.

அதனால இடது தோள்பட்டை பக்கமா, பேசிட்டே மெதுவா போங்க. நேரா மூஞ்சியைத் தொடாம கழுத்து, தோள் பக்கம் தடவுங்க, தட்டுறதைவிட தேய்ச்சு விடுறது அதுக்குப் பிடிக்கும். பின்பக்கம் தாண்டிப் போகணும்னா ஒண்ணு மூணு மீட்டராவது தள்ளி சுத்திப் போங்க, இல்ல கையை அது முதுகு மேல வச்சுட்டு ஒட்டியே போங்க, ஒட்டி நின்னா உதை வேகம் எடுக்க இடம் இருக்காது. நடுவுல ரெண்டுங்கெட்டான் தூரம்தான் ஆபத்து.

காதைப் பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரியும். முன்னாடி விறைச்சா எதையோ கவனிக்குது, ஒண்ணு முன்னாடி ஒண்ணு உங்க பக்கம் திரும்பி திரும்பி வந்தா நல்ல மூடுல உங்களையும் கேட்டுட்டு இருக்கு, ரெண்டும் பின்னாடி கழுத்தோட ஒட்டிப் படுத்துட்டா கோவம், தள்ளி நில்லுங்க. கயிறு கைல குடுத்தாங்கன்னா கைல சுத்திக்காதீங்க, மடிச்சு மட்டும் பிடிங்க. சுத்தின கயித்தோட குதிரை பின்வாங்குனா விரல் போயிடும், சும்மா பயமுறுத்த சொல்லல, நடக்குறதுதான்.

ஏறுறது எப்படி?

முதல்ல வயித்துப் பட்டை டைட்டா இருக்கான்னு கைடைக் கேளுங்க, நடந்து பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவையும் கேளுங்க. கட்டுறப்ப சில குதிரை மூச்சை இழுத்து வயித்தை உப்பிக்கும், அப்புறம் விட்டதும் பட்டை தொளதொளன்னு ஆகி சேணம் பக்கவாட்டுல சரியும்.

தரைல இருந்து தாவி ஏறுறது சினிமாவுக்கு அழகு, குதிரை முதுகுக்கு கஷ்டம், படிக்கட்டு மாதிரி ஒரு மேடை வச்சிருப்பாங்க அதுல ஏறிக்கோங்க. இடது கைல லகானையும் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடிச்சு, இடது பாதத்தோட முன்பகுதியை ஸ்டிரப்ல வச்சு, எழுந்து நின்னு, வலது காலை குதிரையோட பின்பக்கம் படாம நல்லா தூக்கி அந்தப் பக்கம் போட்டு, மெதுவா உக்காருங்க. பொத்துன்னு உக்காராதீங்க. பிடரி மயிரை இழுத்தா வலிக்குமேன்னு பாவம் பாக்க வேண்டாம், லகானைப் பிடிச்சுத் தொங்குனாதான் அதுக்கு வாய் வலிக்கும்.

உக்காந்தப்புறம் உடம்பு எப்படி இருக்கணும்?

காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்க்கோடு. பாதத்தோட அகலமான முன்பகுதி மட்டும் ஸ்டிரப்ல, குதிகால் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கணும். பார்வை போற வழில, குதிரை தலையைக் குனிஞ்சு பாத்துட்டே வந்தா உடம்பும் முன்னாடி சாயும். இடுப்பை விறைச்சுக்காம குதிரை நடைக்கு ஏத்த மாதிரி விட்டுக்குடுங்க, மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காதீங்க, வாய்விட்டுப் பேசிட்டே போனாலே மூச்சு தானா சீராகும்.

நிறுத்தணும்னா ஆழமா உக்காந்து, மூச்சை வெளிய விட்டு, லகானை ரெண்டு கையாலயும் சமமா இழுங்க, நின்னதும் உடனே தளர்த்துங்க. விடாம இழுத்துப் பிடிச்சா குதிரையும் பதிலுக்கு சாய்ஞ்சு இழுக்கும், அதுகிட்ட பலத்துல ஜெயிக்க யாராலயும் முடியாது.

புல்லைப் பாத்தா நின்னு மேயுது, என்ன பண்ண?

புது ஆளு மேல உக்காந்திருக்கார்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்ளோதான். தலையைக் கீழ கொண்டு போனப்புறம் இழுக்குறதைவிட, காது புல்லு பக்கம் திரும்புறப்பவே லகானை கொஞ்சம் சுருக்கி காலால லேசா தட்டி நடக்க விடுங்க. ஒரு தடவை விட்டா ரைடு முழுக்க அதே கதைதான். தண்ணிக்குள்ள இறங்குனதும் முன்னங்காலால தண்ணியை அடிக்க ஆரம்பிச்சா கவனம், சில குதிரை அடுத்து அப்படியே படுத்து உருள நினைக்கும், நிக்க விடாம நடத்திக் கூட்டிட்டுப் போங்க. நடுவுல நின்னு பின்னங்காலை அகட்டுதுன்னா மூத்திரம் போகப் போகுது, ஸ்டிரப்ல லேசா எழும்பி முதுகுக்கு பாரத்தைக் குறைங்க, அது ஒரு மரியாதை.

மேடு, பள்ளம்?

மேட்டுல கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு பிடரி மயிரைப் பிடிச்சுக்கோங்க, லகானைத் தளர்த்துங்க, அதுக்கு கழுத்தை நீட்டணும். இறக்கத்துல நிமிர்ந்து உக்காருங்க, காலை லேசா முன்னாடி விடுங்க. ரெண்டுலயும் எங்க கால் வைக்கணும்னு குதிரை முடிவு பண்ணட்டும்.

திடீர்னு மிரண்டா?

பறக்குற பிளாஸ்டிக் கவர், புதர்ல இருந்து கிளம்புற பறவை, விரியுற குடை, இதுல எதுக்கு வேணா மிரளலாம். பெரும்பாலும் ஒரு துள்ளு, பக்கவாட்டுல ரெண்டு எட்டு, அத்தோட நின்னுடும். சிக்கல் என்னன்னா, நாம பயந்தா தானா செய்யுற மூணு வேலை இருக்கு, முன்னாடி குனியுறது, காலை இறுக்கிக் கவ்வுறது, கத்துறது. குதிரை பாஷைல இந்த மூணும் சேர்ந்தா ஓடுன்னு அர்த்தம். இதை மட்டும் வீட்டுலயே நாற்காலில உக்காந்து மனசுல ஓட்டிப் பாத்துட்டுப் போங்க: தோளைப் பின்னாடி, குதிகாலைக் கீழ, காலைத் தளர்த்து, மூச்சை விடு, ஒரு கை சேணத்தோட முன்பிடியில.

அப்படியும் ஓட ஆரம்பிச்சா ரெண்டு லகானையும் சேர்த்து வெறித்தனமா இழுக்காதீங்க. ஒரு பக்க லகானை மட்டும் சுருக்கி, தலையை மெதுவா உங்க முட்டி பக்கம் திருப்புனா குதிரை வட்டமடிச்சு வேகம் குறையும். ஆனா இது இடம் இருக்கிற சமதரைல மட்டும், அதுவும் வேகம் எடுக்குறதுக்கு முன்னாடி. குறுகலான சரிவுலயோ முழு வேகத்துலயோ பண்ணா குதிரையே விழுந்துடும். குதிச்சுத் தப்பிக்கிற ஐடியாவும் வேண்டாம். மத்தவங்க பின்னாடி துரத்தக் கூடாது, துரத்துனா ரேஸ்னு நினைச்சு இன்னும் ஓடும், கைடைத் தவிர எல்லாரும் நிக்கணும்.

விழுந்துட்டா?

விழப் போறோம்னு தெரிஞ்சா காலை ஸ்டிரப்ல இருந்து உருவி, லகானை விட்டு, தாடையை நெஞ்சோட ஒட்டி, கையை ஊனாம சுருண்டு குதிரைக்கு எதிர்ப்பக்கம் உருளுங்க. கையை நீட்டி ஊனுனா மணிக்கட்டோ காறை எலும்போ போகும். விழுந்ததும் வெக்கத்துல துள்ளி எழுந்துக்காதீங்க. கழுத்து, முதுகு வலிச்சாலோ கை கால் மரத்தாலோ அசையாம கிடங்க. தலைல அடிபட்டு வாந்தி, தலைசுத்தல், குழப்பம், தூக்கம் தூக்கமா வந்தா உடனே ஆஸ்பத்திரி.

முன்னாடி குதிரைக்கும் நமக்கும் எவ்ளோ கேப்?

ஒரு குதிரை நீளம், அதாவது இரண்டரை மீட்டர் போல. ஒட்டிப் போனா முன்னாடி இருக்கிறது உதைக்கும், அந்த உதை உங்க குதிரை மேலயோ உங்க முட்டிலயோ படும். வால்ல சிவப்பு ரிப்பன் கட்டிருந்தா அது உதைக்கிற பழக்கம் உள்ள குதிரைன்னு பல இடத்துல அடையாளம். ரொம்பப் பின்தங்கவும் வேண்டாம், தனியா விட்டுட்டாங்கன்னு நினைச்சு குதிரை திடீர்னு ஓடிப் போய் சேந்துக்கும். திரும்பி வர்ற வழில லாயம் கிட்ட வர வர வேகம் கூட்டப் பாக்கும், அங்க ஓட விடவே கூடாது.

வீடியோ எடுக்கலாமா?

நிக்கிறப்ப, கைடு சரின்னு சொன்னா. நடக்குறப்ப ஒரு கைல போன், ஒரு கைல லகான்னா மிரள்ற நேரத்துல ரெண்டையும் விடுவீங்க. ஏதாவது கீழ விழுந்தா நீங்களா இறங்காதீங்க, கைடுகிட்ட சொல்லுங்க. ரெயின்கோட்டையும் குதிரை மேல உக்காந்து போடாதீங்க, அந்த சரசர சத்தமே மிரட்டும்.

சின்னக் குழந்தையை மடில வச்சு கூட்டிட்டுப் போகலாமா?

கூடாது. விழுந்தா குழந்தை மேல நீங்களே விழுவீங்க. தனியா உக்காந்து கால் ஸ்டிரப்ல எட்டி, சொல்றதைக் கேக்குற வயசு வந்தப்புறம், கைடு கயித்தைப் பிடிச்சு நடத்துற ரைடு போதும்.

முதல் ரைடு எவ்ளோ நேரம்? அடுத்த நாள் வலிக்குமாமே?

ஒரு மணி நேரம் தாராளம். ரெண்டு மணி நேரம் புக் பண்ணவங்க பாதில கடிகாரம் பாக்குறது சகஜம். உள்தொடைத் தசையும் உக்கார்ற எலும்பும் நல்லா வலிக்கும், மறுநாள் மாடிப்படி இறங்குறப்ப ஞாபகம் வரும். ஒரு வாரம் முன்னாடி இருந்தே உள்தொடை, இடுப்பு ஸ்ட்ரெச்சும் கொஞ்சம் ஸ்குவாட்ஸும் பண்ணா குறையும். இறங்குறப்ப ரெண்டு காலையும் ஸ்டிரப்ல இருந்து எடுத்துட்டு, வலது காலைப் பின்னாடி சுத்திக் கொண்டு வந்து, வயிறு சேணத்துல உரச மெதுவா சறுக்கி முட்டியை மடக்கி இறங்குங்க. கால் தொய்யும், லகானையோ சேணத்தையோ பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னுட்டு நடங்க.

முடிஞ்சப்புறம் குதிரைக்கு ஏதாவது சாப்பிட குடுக்கலாமா?

கேட்டுட்டு குடுங்க, சில குதிரைக்கு சர்க்கரை ஆகாது, சிலது கைல குடுத்துக் குடுத்து கடிக்கப் பழகியிருக்கும். சரின்னு சொன்னா கேரட்டை நீளவாக்குல விரல் மாதிரி வெட்டி, உள்ளங்கையை தட்டையா விரிச்சு கட்டை விரலை ஒட்டி வச்சு நீட்டுங்க. வட்டமா நறுக்குனா தொண்டைல அடைச்சுக்கும். மத்த குதிரைங்க பக்கத்துல இருக்கிறப்ப குடுக்காதீங்க, நடுவுல நீங்க மாட்டுவீங்க.